செய்தவன் மூடலாம்

ஹார்லன் கிரீக், மோண்டானா
மார்ச் 18

அன்புள்ள ஆரின் சித்தப்பாவுக்கு,

மார்லா எழுதுகிறேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? காது தொலைபேசிக்கு ஒத்துவராது என்று அப்பா சொல்லியிருக்கிறார், அதனால்தான் கடிதம். இங்கே நானும் ஆடுகளும் சுகம். பனி இன்னும் வேலிக் கம்பி உயரத்துக்குக் கிடக்கிறது.

அப்பாவை அடக்கம் செய்து மூன்று வாரம் ஆகிறது. நீங்கள் அனுப்பிய பூக்கள் வந்து சேர்ந்தன. வழியெல்லாம் பனி, உங்களால் வர முடியாது என்று எல்லாரிடமும் சொன்னேன்.

இந்தப் பெட்டியில் அப்பாவின் கத்தி இருக்கிறது. நீங்கள் செய்து கொடுத்த அதே எலும்புப் பிடி மடக்குக்கத்தி. பிரிக்கும்போது கவனம், பெரிய அலகு திறந்தபடியே இருக்கிறது. இரண்டு பலகைத் துண்டுகளுக்கு நடுவே வைத்து, புல்கட்டுக் கயிற்றால் கட்டியிருக்கிறேன்.

அப்பா இறந்த அன்றைக்கு அதைத் திறந்தது அவர்தான். பிறகு அவர் மூடவில்லை. அவருடைய சட்டம் உங்களுக்குத் தெரியும்: யார் திறந்தாரோ அவரேதான் மூட வேண்டும், அடுத்தவன் திறந்த கத்தியை மூடினால் இரண்டு பேருக்கும் நல்லதில்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் மூன்று வாரமாக அது சமையலறை அலமாரி மேல் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது, என்னால் மூட முடியவில்லை.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது நீங்கள் ஒரு விதிவிலக்கு சொன்னீர்கள். "செஞ்சவன் மூடலாம், அவனுக்கு மட்டும் தோஷம் இல்லே" என்று. அதை நம்பித்தான் அனுப்புகிறேன். நீங்கள் மூடிக் கொடுங்கள், சித்தப்பா. அது போதும். அலகில் படிந்திருக்கும் சாம்பல் நிறத்தை மட்டும் தேய்த்துவிடாதீர்கள். அது அப்பாவின் பதினைந்து வருஷம்.

இங்கே யாரிடம் காட்டினாலும் "என் தம்பி செஞ்சது" என்றுதான் சொல்வார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
மார்லா

*

கார்வெல், பென்சில்வேனியா
ஏப்ரல் 2

என் கண்ணே மார்லா,

நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். முழங்காலைப் பார்த்த வைத்தியர், எழுபத்தொரு வயதில் இப்படி ஒரு முழங்காலைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்று சொல்லி, மற்ற வைத்தியர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். நீ நேரத்துக்குச் சாப்பிடு. ஆடுகளைக் கேட்டதாகச் சொல்.

கத்தி பத்திரமாக வந்தது. பலகையைப் பிரித்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். ஸ்பிரிங்குக்கும் பித்தளைத் தகட்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை வெளிச்சம் தெரியுமா என்று பார்த்தேன். தெரியவில்லை! பதினைந்து வருஷம் சட்டைப் பையிலும் ஆட்டுப் புழுக்கையிலும் கிடந்த கத்தி. பிடியின் இரண்டு முனையிலும் இருக்கிற ஜெர்மன் சில்வர் உலோகக் கட்டியில் ஆணி எங்கே அடித்திருக்கிறது என்று விரலால் தடவிக் கண்டுபிடிக்கவே முடியாது. அப்படி அடித்து, அப்படி இழைத்து, மறைத்துவிடுவோம்.

அந்தக் காலத்துக் கத்தி போல வருமா என்று சில கிழங்கள் ஒப்பாரி வைக்கும். அவர்கள் பேச்சைக் கேட்காதே. எங்கள் தாத்தா காலத்துக் கத்தியை ஆட்டினால் கிலுகிலுப்பை போல ஆடும். இன்றைக்கு நான் வேலை பார்த்த கத்தித் தொழிற்சாலையில் செய்கிற கத்தியைப் பாதி திறந்தால் ராணுவ வீரன் மாதிரி நேராக நிற்கும். முழுக்கத் திறந்தால் ஒரு சொடுக்கு, மூடினால் ஒரு சொடுக்கு. நான் மூடும் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் உட்காரும், பொய்யில்லை. கார்பன் எஃகு என்றால் என்ன? கார்பன் என்றால் கரி. அதனால்தான் போகப் போகக் கறுக்கிறது. இதெல்லாம் படிப்பால் வருவதில்லை. எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன், பள்ளிக்கூடம்தான் அழுதது.

மூடித் தருகிறேன், கவலைப்படாதே. கண்ட நாளில் செய்கிற காரியமில்லை இது. நாள் பார்த்து, முறையாகச் செய்கிறேன்.

ஒரு சின்ன விஷயம். அண்ணன் வெண்டல் அப்படியா சொன்னான்? "என் தம்பி செஞ்சது" என்று? யாரிடம் சொன்னான், எப்படிச் சொன்னான், சிரித்துக்கொண்டே சொன்னானா, நேரம் கிடைக்கும்போது எழுது. அவசரமில்லை. ஆனால் எழுது.

உன் சித்தப்பா,
ஆரின் ஹாஸ்கல்

*

ஹார்லன் கிரீக்
ஏப்ரல் 21

அன்புள்ள சித்தப்பா,

வைத்தியர்கள் உங்கள் முழங்காலைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள் என்று நம்புகிறேன். எனக்கு இருமல் கொஞ்சம் இருந்தது, இப்போது இல்லை. குட்டி போடும் பருவம், ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு. கை கழுவ நேரமில்லாததால் காகிதத்தில் கறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டது. போன இலையுதிர் காலத்தில் தீவனக் கடையில் நடந்ததை எழுதுகிறேன். அப்பா ஒரு மூட்டையின் வாயை அறுத்தார். கல்லாவில் இருந்த ஆள் கத்தியை வாங்கிப் பார்த்தான்.

"எங்கே வாங்கினே வெண்டல்? இந்த மாதிரிச் சொடுக்கு இப்பல்லாம் கிடைக்கிறதில்லையே?"

"யார் சொன்னது கிடைக்கலேன்னு? பென்சில்வேனியாவுல என் தம்பி செஞ்சது. இப்பவும் செய்யறாங்க, நீ வரிசையில நிக்கணும், அவ்வளவுதான்."

"உன் தம்பியா? உன் குடும்பத்துல கை வேலை தெரிஞ்ச ஆளும் இருக்கா?"

"எல்லா அறிவும் அவனுக்குப் போயிடுச்சு. எனக்கு அழகு மட்டும்தான் மிச்சம்."

சிரிக்கவில்லை, சித்தப்பா. அதாவது கடைசி வரியில் சிரித்தார். முதல் வரியில் சிரிக்கவில்லை.

மூடிவிட்டீர்களா?

மார்லா

*

கார்வெல்
ஜூன் 3

என் கண்ணே மார்லா,

பதில் தாமதம் என்று கோபித்துக்கொள்ளாதே. நான் குத்துக்கல் மாதிரி நலம். உன் இருமல் திரும்பி வரவில்லையே? வந்தால் தேனும் மிளகும். குட்டிகள் எல்லாம் எழுந்து நடக்கின்றனவா?

காரியம் முடிந்தது. முறையாக முடித்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன் கேள். கத்தியை வெள்ளைத் துணியில் வைத்துத் தொழிற்சாலைக்கு எடுத்துப் போனேன். வாசலில் விஷயத்தைச் சொன்னதுமே மேலாளர் தொப்பியைக் கழற்றிவிட்டார். "மிஸ்டர் ஹாஸ்கல், உங்க மேசை காலியாத்தான் இருக்கு. நீங்க போனப்புறம் அதுல யாரையும் உட்கார விடலை" என்றார். இயந்திரங்களை நிறுத்தச் சொன்னார். நாற்பது பேர், ஐம்பது பேர் என்றே வைத்துக்கொள், சாணைச் சக்கரத்தில் இருந்தவர்கள், பிடி பொருத்துகிறவர்கள், மெருகு போடுகிறவர்கள் எல்லாரும் வந்து சுற்றி நின்றார்கள். அப்படி ஒரு அமைதி. பின்பக்கக் கதவு திறந்திருந்தது. வேலி ஓரத்தில் ஒரு மான் வந்து நின்றது, மார்லா. பெண் மான். உள்ளே பார்த்துக்கொண்டே நின்றது.

நான் கத்தியைக் கையில் எடுத்து, "வெண்டல், நீ திறந்ததை நான் மூடறேன்டா" என்றேன். மூடினேன். ஒரு சொடுக்கு. மான் காதை ஆட்டியது. பிறகு திரும்பி மரங்களுக்குள் நடந்து போய்விட்டது. ஓடவில்லை, நடந்து போனது.

அவ்வளவுதான். இனி நீ நிம்மதியாகத் தூங்கலாம். சாம்பல் நிறத்தைத் தொடவில்லை. கத்தியை அனுப்ப இன்னும் சில நாள் ஆகும். மூட்டில் எண்ணெய் விட்டிருக்கிறேன், அது உள்ளே இறங்க வேண்டும். இறங்காமல் அனுப்பினால் பாவம்.

உன் சித்தப்பா,
ஆரின்

*

ஹார்லன் கிரீக்
ஜூன் 19

அன்புள்ள சித்தப்பா,

நலம்தானே? இருமல் போய்விட்டது. நேற்று நாள் முழுக்கப் பழைய கொட்டகையைத் துப்புரவு செய்தேன், இரவில் எட்டு மணி நேரம் தூங்கினேன். பிப்ரவரிக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். மேலாளருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். அந்த மானைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அங்கேதான் எனக்கு அழுகை வந்தது. அது ஓடவில்லை, நடந்து போனது என்கிற இடத்தில்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். கத்தியை மூடியாகிவிட்ட பிறகு சொல்வது எளிதாக இருக்கிறது.

அப்பா இறந்த அன்று காலை அவரும் நானும் கொட்டகையில் புல்கட்டு பிரித்துக்கொண்டிருந்தோம். ஒரு வாரமாக அவருக்குத் தோள் வலி. வைத்தியரிடம் போகச் சொல்லி நான் சண்டை போட்டேன். "நீ எனக்கு அம்மாவா?" என்றார். என் கத்தியை வண்டியில் விட்டிருந்தேன். அவர் தன்னுடையதைத் திறந்து நீட்டினார். "இந்தா, அறு. அறுத்துட்டுக் குடு." அறுத்தேன். திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும், திறந்தபடியே, அதுதானே முறை. நான் அதைப் புல்கட்டில் குத்திவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தேன்.

பின்னாலிருந்து கூப்பிட்டார். "மார்லா! கத்தியைக் கையில குடுத்துட்டுப் போடீ!"

கேட்டது. நான் திரும்பவில்லை. நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று மனதுக்குள் சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்துப் போனபோது கட்டுகளின் மேல் சாய்ந்து கிடந்தார். கத்தி நான் குத்திய இடத்திலேயே இருந்தது. அவர் அதை எடுக்கவே இல்லை.

இதை யாரிடமும் சொன்னதில்லை. பாதிரியாரிடம்கூட. உங்களிடம்தான் சொல்லத் தோன்றியது.

எண்ணெய் இறங்கியதும் அனுப்பி வையுங்கள். கோடைப் புல் அறுக்கும் முன்னால் கைக்கு வந்தால் நல்லது.

உங்கள்
மார்லா

*

கார்வெல்
ஜூலை 5

மார்லா கண்ணே,

நலம். நீயும் நலமாக இரு. இங்கே வெயில் அதிகம். புல் வெட்டும் இயந்திரம் கெட்டுப்போய், நானே பிரித்துப் பூட்டினேன். இப்போது முன்னைவிட வேகமாக ஓடுகிறது, அதைப் பிடித்து நிறுத்துவதுதான் பாடு.

இந்த வாரம் தொழிற்சாலையில் கத்தி சேகரிக்கிறவர்களின் வருஷக் கூட்டம். டெக்சாஸிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கூட ஆட்கள் வந்திருக்கிறார்களாம். இந்த வருஷத்துக் கத்தியின் பிடிக்குப் பழுத்த பேரிக்காய் நிறத்தில் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். அருமையாக இருக்கிறது என்கிறார்கள். நான் போகவில்லை. முழங்கால்.

தபால் ஆபீசில் கூட்டம். கொஞ்சம் குறைந்ததும் அனுப்புகிறேன்.

சித்தப்பா

*

ஹார்லன் கிரீக்
ஆகஸ்ட் 14

அன்புள்ள சித்தப்பா,

உடம்பு எப்படி இருக்கிறது? நான் நலம்.

ஜூன் மாதம் நான் எழுதிய கடிதம் கிடைத்ததா? ஜூலைக் கடிதத்தில் புல் வெட்டும் இயந்திரத்தைப் பற்றி இருந்தது. வேறொன்றும் இல்லை.

அப்பாவின் மேசையை ஒழுங்குபடுத்தும்போது அந்தக் கத்தி வந்த அட்டைப் பெட்டி கிடைத்தது. உள்ளே ஒரு சின்னச் சீட்டு. கத்தியின் எண், எஃகின் பெயர், கீழே ஒரு வரி: "பெட்டியில் இட்டவர், ஆ. ஹாஸ்கல்." செய்தவர் பெயர் அதில் இல்லை. அந்தச் சீட்டை அப்பா மடிக்காமல் வைத்திருக்கிறார். இது நீங்களா, சித்தப்பா? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

கத்தியை அனுப்பிவிடுங்கள். எண்ணெய் இதற்குள் இறங்கியிருக்கும்.

மார்லா

*

கார்வெல்
செப்டம்பர் 9

அன்புள்ள மார்லா,

நீ நலமாக இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், முழங்கால் வலிக்கிறது. வைத்தியரைப் பார்த்தேன், மாத்திரை கொடுத்தார். வேறு யாரையும் அவர் கூப்பிட்டுக் காட்டவில்லை.

இதை ஏழு தடவை எழுதிக் கிழித்தேன். ஏழு என்பது நிஜம்.

சீட்டில் இருப்பது நான்தான். முப்பத்தொரு வருஷம் பெட்டி கட்டும் அறையில் இருந்தேன். கத்தி எல்லாம் முடிந்து என்னிடம் வரும். நான் துடைத்து, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, சீட்டு வைத்து, பெட்டியை மூடுவேன். ஒரு கத்திகூடச் செய்ததில்லை. உன் அப்பாவுக்குக் கொடுத்ததையும் செய்யவில்லை. அது என் மேசைக்கு வந்தபோது, ஒரு லட்சம் கத்தியைப் பார்த்த என் கைக்கே, இதை விடாதே என்று தோன்றியது. வாங்கினேன். "நான் செஞ்சது" என்று சொல்லிக் கொடுத்தேன். அப்போதே அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், சீட்டு உள்ளேயே இருந்ததே.

ஆறு வருஷம் அவன் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு வருஷக் கூட்டத்தில், வெளியூர் ஆட்கள் நடுவில் நின்று நான் அலகு தீட்டிய கதையை அளந்துகொண்டிருந்தேன். வெண்டல் பீர் குடித்திருந்தான். "அடப்பாவி, இவன் டப்பாவுல போடறவன்யா! டப்பாவை வேணா நல்லாத் தீட்டுவான்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் அவனோடு பேசுவதை விட்டேன். அடுத்த வசந்தத்தில் அவன் உங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு மோண்டானாவுக்குக் கிளம்பினான். வண்டி என் தெருவில் நின்று இரண்டு தடவை ஹாரன் அடித்தது. நான் உள்ளேதான் இருந்தேன். ஒன்பது வருஷம் ஆயிற்று. பிப்ரவரியில் இங்கே பனி இல்லை, மார்லா. அடக்கத்துக்கு வரச் சாலை திறந்துதான் இருந்தது.

அவன் அங்கே போய், எல்லாம் தெரிந்துகொண்டே, "என் தம்பி செஞ்சது" என்று சொல்லியிருக்கிறான். உன் ஏப்ரல் கடிதத்தைப் படித்த பிறகு எனக்குத் தரையில் கால் பாவவில்லை. கத்தியைப் பலகையோடு எடுத்துக்கொண்டு ஹெட்டியின் காபிக் கடைக்குப் போனேன். வெண்டல் சொன்னதை அங்கே உட்காரும் பழைய தொழிற்சாலை ஆட்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். எதிரில் ஃபிளாய்ட் இருந்தான். ஸ்பிரிங் பொருத்துகிற மேசையில் இருபத்தாறு வருஷம் இருந்தவன்.

"என்னய்யா ஆரின், வெயில்ல அலையற நாய் மாதிரி நாக்கை வெளியே போட்டுட்டுக் கிடக்கு உன் கத்தி?"

"வெண்டல் திறந்தது. மூடப்படாது."

"மூடப்படாதா, மூடத் தெரியாதா?"

"செஞ்சவன் மூடலாம்" என்றேன்.

"அப்ப நீ எப்படி மூடுவே? உனக்கு டப்பா மூடித்தானே பழக்கம்!"

கடை முழுக்கச் சிரித்தது. ஹெட்டிகூடச் சிரித்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. "இந்தச் சொடுக்கைக் கேளுங்கடா!" என்று தூக்கிப் பிடித்து மூடினேன். எல்லாரும் கேட்டார்கள். "ஆஹா" என்றான் ஃபிளாய்ட். பிறகுதான் என் கையில் கத்தி மூடிக் கிடந்ததைப் பார்த்தேன்.

மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. நான் தொழிற்சாலைக்குப் போகவில்லை. மேலாளருக்கு என் பெயர் தெரியாது. மான் வரவில்லை.

ஒன்று மட்டும் என்னை உறங்க விடவில்லை. உன் கத்தியின் ஸ்பிரிங்கைப் பொருத்திய கை ஃபிளாய்டின் கையாகவே இருக்கலாம். ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தான். "நீ மூடிக் கொடு ஃபிளாய்ட்" என்று கேட்டிருந்தால் மூடிக் கொடுத்திருப்பான். அதைக் கேட்க வேண்டுமானால், நான் செய்யவில்லை என்று வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும்.

ஜூனில் நீ எழுதியது கிடைத்தது. அதற்குப் பதில் எழுத எனக்கு யோக்கியதை இல்லை. அதனால்தான் புல் வெட்டும் இயந்திரம்.

கத்தி இதனுடன் இருக்கிறது. மூடியிருக்கிறது. மன்னித்துக்கொள் என்று கேட்கவில்லை.

ஆரின்

*

ஹார்லன் கிரீக்
அக்டோபர் 30

சித்தப்பாவுக்கு,

மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடுங்கள். நான் நலம். முதல் பனி விழுந்துவிட்டது.

கத்தி வந்து ஆறு வாரம் ஆகிறது. எழுத வராததால் எழுதவில்லை.

நீங்கள் பெட்டி கட்டியவர் என்பதில் எனக்குக் கோபம் இல்லை. அப்பாவுக்கும் இல்லை என்று உங்களுக்கே இப்போது தெரிந்திருக்கும். கிறிஸ்துமஸ் சமயம் வந்தால் உங்களுக்கு எழுத ஒரு காகிதத்தை எடுத்து வைப்பார், "அவன் படிக்க மாட்டான்" என்று சொல்லித் திருப்பி உள்ளே வைப்பார். நானும் எழுதுங்கள் என்று வற்புறுத்தியதில்லை. காபிக் கடையில் மூடியதுகூடப் பரவாயில்லை. கை முந்திக்கொண்டது, என் கால் முந்திக்கொண்ட மாதிரி.

கோபம் வேறு இடத்தில். ஜூனில் நான் எழுதியது, அந்த மான் நின்றதை நம்பிய பிறகு எழுதியது. முறையாக மூடப்பட்டுவிட்டது என்று நினைத்து, கொட்டகையில் நடந்ததை உங்களிடம் சொன்னேன். நான் சொன்னபோது கேட்க அங்கே யாரும் இல்லை. எட்டு மணி நேரத் தூக்கத்தை ஒரு பொய் கொடுத்தது, சித்தப்பா. இப்போது அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. சில நாள் தூங்குகிறேன். சில நாள் இல்லை. அப்பா கூப்பிட்ட குரல் அதே மாதிரி கேட்கிறது.

கத்தி வேலை செய்கிறது. அதை அலமாரியில் வைத்துக் கும்பிட முடியாது, கட்டு பிரிக்க வேண்டியிருக்கிறது. திறக்கிறேன், அறுக்கிறேன், நானே மூடுகிறேன். எவ்வளவு குளிரிலும் அந்தச் சொடுக்கு குறையவில்லை. செய்தவர் யாரோ, நன்றாகச் செய்திருக்கிறார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கொட்டகையில் நடந்ததைக் காபிக் கடையில் சொல்லாதீர்கள். அழகாக்கியும் சொல்லாதீர்கள். முக்கியமாக அழகாக்கிச் சொல்லாதீர்கள்.

மார்லா

*

கார்வெல்
நவம்பர் 20

அன்புள்ள மார்லா,

மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் சாப்பிடுகிறேன். நீ வெளியே போகும்போது காதை மூடிக்கொள், குளிர் காது வழியாகத்தான் நுழையும். இதை வைத்தியர் சொல்லவில்லை, நான்தான் சொல்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை ஹெட்டியின் கடைக்குப் போனேன். மே மாதத்துக்குப் பிறகு போகவே இல்லை. ஃபிளாய்ட் இருந்தான்.

"ஆரின்! உயிரோடதான் இருக்கியா? உன் அண்ணன் கத்திக் கதை என்னாச்சு? முழுசாச் சொல்லு, கேட்டு ரொம்ப நாளாச்சு."

"அவன் பொண்ணுக்கு அனுப்பிட்டேன்."

"அனுப்பிட்டு?"

"அவ கட்டு பிரிக்கிறா."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்லே."

ஹெட்டி வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லையே" என்றாள். மேசை முழுக்கச் சிரிப்பு. உன்னிடம் மறைப்பானேன், என் நாக்கு நுனியில் ஒரு பெரிய கதை வந்து நின்றது. பனிப்புயல், ஓநாய், எல்லாம் அதில் இருந்தன. நீயும் இருந்தாய். காபியைக் குடித்துவிட்டேன்.

கிளம்பும்போது ஃபிளாய்டைத் தனியாகக் கூப்பிட்டு, கத்தியின் எண்ணைச் சொல்லி, "இதோட ஸ்பிரிங் நீ போட்டதா?" என்று கேட்டேன். அவன் விரல் விட்டு எண்ணினான்.

"அந்த வருஷம் அந்த மேசையில மூணு பேர் இருந்தோம்ப்பா. யாருன்னு எப்படிச் சொல்றது?"

"யாரா இருந்தாலும் சரி. குளிர்லயும் சொடுக்கு குறையலேன்னு எழுதியிருக்கா. நான் டப்பாவுல போட்டது எல்லாம் நீங்க செஞ்சது. அதை உன்கிட்டச் சொல்லணும்."

ஃபிளாய்ட் என்னைப் பார்த்தான். கிண்டல் செய்யப் போகிறான் என்று நினைத்தேன். "சரி ஆரின்" என்றான். தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

இந்த ஒரு வார்த்தையை அன்றைக்கு வருஷக் கூட்டத்திலேயே, எல்லாருக்கும் முன்னால், சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம். "ஆமாம், டப்பாவுல போடறவன்தான்" என்று. வெண்டல் என் முதுகில் ஒரு அடி அடித்திருப்பான், இரண்டு பேரும் இன்னொரு பீர் குடித்திருப்போம்.

நீ பதில் எழுத வேண்டும் என்றில்லை. நான் மாதம் ஒரு தடவை எழுதுகிறேன், படிக்கத் தோன்றினால் படி. கடிதம் சின்னதாக இருக்கிறதே என்று நினைக்காதே. நடந்தது இவ்வளவுதான்.

உன் சித்தப்பா,
ஆரின்